சுவரில்லாத ஒரே கூடத்துக்கு 24 டவுன்லைட் சரிதானா?

நிலாமுற்றம் எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டு வேலை கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. வரவேற்பறை, சாப்பாட்டு மேசை, அடுக்களை மூன்றுக்கும் நடுவே சுவரே இல்லை. 9 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், எல்லாம் ஒரே கூடம். ஒரு கோடியில் சோபாவும் டிவியும், நடுவில் ஆறு பேர் உட்காரும் மேசை, மறு கோடியில் அடுக்களை மேடை. ஃபால்ஸ் சீலிங் போட்ட பிறகு உயரம் 2.75 மீட்டர் வரும்.

எலக்ட்ரீஷியன் நேற்று ஒரு படம் வரைந்து கொடுத்தார். வரிசைக்கு 6 வீதம் 4 வரிசை, மொத்தம் 24 டவுன்லைட் (சீலிங்கில் பதித்து நேர் கீழே வெளிச்சம் விழும் விளக்கு). ஒவ்வொன்றும் 12 வாட், எல்லாமே 6500 கெல்வின், அதாவது நீலம் பாய்ந்த வெள்ளை நிறம். மேசைக்கு மேலே ஒரு தொங்கு விளக்குக்குப் பாயிண்ட் விட்டிருக்கிறார். நாலு வரிசைக்கும் நாலு சுவிட்ச். படத்தில் பார்க்க அழகாக, அளவெடுத்துக் கட்டம் போட்டதுபோல் இருக்கிறது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு அந்தக் கூடத்தில் நான் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தால் மனசு ஒட்டவில்லை. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மாமியார் ராத்திரியில் ஒரு மணி நேரமாவது புத்தகம் படிப்பார். மகன் சாப்பாட்டு மேசையில்தான் வீட்டுப்பாடம் எழுதுவான். சீலிங் சட்டம் அடிக்கப் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் எத்தனை விளக்கு, என்ன நிறம், எங்கே என்று முடிவு செய்ய வேண்டும். உதவுங்கள்.

வயர்மேன் எழுதியது:

இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன். உங்கள் எலக்ட்ரீஷியன் மேல் தப்பில்லை. சோபா எங்கே, மேசை எங்கே என்று யாரும் சொல்லாதபோது நாங்கள் கட்டம் போட்டுத்தான் விளக்கு வைப்போம். எந்த மூலையும் இருட்டாக இருக்காது, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்தக் கூடம் வகுப்பறையா வீடா என்று அந்தப் படத்துக்குத் தெரியாது.

முதல் வேலையாகத் தரையில் சாக்பீஸால் சோபா, மேசை, டிவி, மாமியார் நாற்காலி எல்லாவற்றையும் உண்மை அளவில் வரையுங்கள். அதற்குப் பிறகு மேலே பாருங்கள்.

இன்னொன்று. விளக்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சீலிங்கும் பூச்சும் முடிந்த பிறகு வயரை மாற்றுவதென்றால் மறுபடி காடி வெட்ட வேண்டும். அதனால் இந்தப் பத்து நாளில் கடைக்குப் போய் விளக்கு பார்க்காதீர்கள். எந்த விளக்கு எந்த சுவிட்சில் எரிய வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்யுங்கள்.

எளிமையே_போதும் எழுதியது:

24-ம் போட்டுவிடுங்கள், எல்லாவற்றுக்கும் டிம்மர் வைத்துவிடுங்கள். வெளிச்சம் அதிகமானால் குறைத்துக்கொள்ளலாம், குறைவானால் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் வீட்டில் அப்படித்தான், நன்றாகவே இருக்கிறது.

கணக்குப்புலி எழுதியது:

24 விளக்கு என்றால் எவ்வளவு வெளிச்சம் என்று முதலில் போட்டுப் பார்ப்போம். லூமென் என்பது ஒரு விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. 12 வாட் டவுன்லைட் சுமார் 1,000 லூமென் தரும். 24 விளக்குக்கு 24,000 லூமென். கூடத்தின் பரப்பு 45 சதுர மீட்டர். வகுத்தால் சதுர மீட்டருக்கு 530 லூமென் சொச்சம், அதாவது 530 லக்ஸ். சுவர், தரை, பொருள்கள் உறிஞ்சிக்கொள்வது போக, கண்ணுக்குப் பயன்படுவது இதில் பாதிக்குச் சற்று மேல் என்று வைத்தாலும் 300 லக்ஸ் வருகிறது. அதுவும் கூடம் முழுக்க, மூலை முடுக்கெல்லாம்.

எழுதுவதும் படிப்பதுமான அலுவலக மேசைக்கு ஐரோப்பியத் தரவிதி கேட்பது 500 லக்ஸ். வீட்டில் உட்கார்ந்து பேச 100 முதல் 150 போதும். படிக்கிற பக்கத்தின் மேலும் காய் நறுக்குகிற பலகையின் மேலும்தான் 300, 500 தேவை. அந்த இரண்டும் ஆளுக்கு அரை சதுர மீட்டர்கூட இல்லாத இடங்கள். அரை மீட்டர் இடத்துக்காக 45 மீட்டரையும் நனைக்கிறோம்.

டிம்மர் யோசனைக்கு என் பதில்: எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்தால் எல்லாமே சேர்ந்து மங்கும். புத்தகமும் மங்கும், டிவிக்குப் பின்னால் இருக்கும் சுவரும் மங்கும். இடத்துக்கு இடம் வேறுபாடு வராது.

எளிமையே_போதும் எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கூடம் சிறியது, வெறும் 18 சதுர மீட்டர். 45 மீட்டருக்கு அது பொருந்தாமல் போகலாம். ஆனாலும் பண்டிகை, விசேஷம் என்று வீடு நிறைய ஆள் வரும் நாளில் முழு வெளிச்சம் வேண்டாமா?

அந்திவானம் எழுதியது:

வேண்டும்தான். அதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கட்டும். வருடத்தில் நாலு நாளுக்கான வெளிச்சம் மீதி நாளெல்லாம் தலைக்கு மேல் எரிய வேண்டியதில்லை என்பதுதான் பேச்சு.

நிலாமுற்றம், உங்கள் மனசு ஒட்டாததற்குக் காரணம் இருக்கிறது. சுவரில்லாத கூடத்தில் அறைகளைப் பிரித்துக் காட்டப் பகலில் சாமான்கள் இருக்கின்றன. இரவில் அந்த வேலையை வெளிச்சம்தான் செய்தாக வேண்டும். மேசைமேல் ஒரு வெளிச்ச வட்டம் விழுந்தால் அது சாப்பிடும் அறை ஆகிவிடும். அதற்கு வெளியே கொஞ்சம் மங்கலான இடைவெளி இருந்தால் அதுவே சுவர். எல்லா இடத்திலும் ஒரே அளவு வெளிச்சம் போட்டால் சுவரை இடித்ததோடு அறைகளையும் சேர்த்து இடித்ததாகிவிடும்.

ரிச்சர்ட் கெல்லி என்ற அமெரிக்க ஒளியமைப்பாளர் 1950களிலேயே வெளிச்சத்தை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: எங்கும் நிழலின்றிப் பரவுவது, ஒரு பொருளைக் குறிவைத்துக் காட்டுவது, கண்ணுக்கு மினுமினுப்பாக நிற்பது. உங்கள் எலக்ட்ரீஷியன் படத்தில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது. அதுவும் தேவைக்கு மேல் இருக்கிறது.

டவுன்லைட் தரையைத்தான் காட்டும். நாம் உட்கார்ந்திருக்கும்போது பார்ப்பது சுவரையும் முகங்களையும். நீளச் சுவரில் படங்கள் மாட்டப் போகிறீர்கள் என்றால் அந்தச் சுவரின் மேல் விழும்படி மூன்று விளக்கு வையுங்கள், கூடமே பெரிதாகத் தெரியும். சுவரிலிருந்து ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் தள்ளி, சாய்க்கக்கூடிய விளக்காக வைத்து, செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்த்தால் உங்கள் உயரத்துக்குப் படத்தின் நடுவில் சரியாக விழும்.

தச்சன்மகள் எழுதியது:

அடுக்களையைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் மூன்று வருடம் அனுபவித்தேன். எங்கள் அடுக்களையில் டவுன்லைட் மூன்றும் நடக்கும் இடத்துக்கு நேர் மேலே, அறையின் நடுக்கோட்டில் இருந்தன. மேடைப் பக்கம் திரும்பி நின்றால் விளக்கு எனக்கு முதுகுப் பக்கம். என் தலையின் நிழல் அப்படியே நறுக்கும் பலகைமேல் விழும். கத்தியின் நுனி எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டே நறுக்குவேன். ஒருநாள் விரல் நகத்தோடு சேர்ந்து போனது. அன்றைக்குத்தான் வீட்டில் எல்லோரும் அந்த நிழலைப் பார்த்தார்கள்.

விளக்கு மேடையின் முன்விளிம்புக்கு நேர் மேலே வர வேண்டும். மேல் அலமாரி இருந்தால் அதன் அடியில் ஸ்ட்ரிப் லைட் (நாடாபோல் நீளமாக ஒட்டும் எல்.இ.டி. விளக்கு) கட்டாயம். அதையும் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். அலமாரியின் முன்விளிம்பை ஒட்டி, உள்பக்கம் பார்த்தபடி வையுங்கள். பளபளப்பான கல் மேடையாக இருந்தால் ஸ்ட்ரிப்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் கல்லில் மணிமாலைபோல் தெரியும், கண்ணை உறுத்தும். அலுமினியப் பட்டைக்குள் வைத்து, பால்நிற மூடி போட்டால் ஒரே கோடாக மாறிவிடும். பட்டை ஸ்ட்ரிப்பின் சூட்டையும் வாங்கிக்கொள்ளும்.

வயர்மேன் எழுதியது:

தச்சன்மகள் சொன்னது நூற்றுக்கு நூறு. ஸ்ட்ரிப் நீளமாகப் போனால் 12 வோல்ட் வேண்டாம், 24 வோல்ட் எடுங்கள். 12 வோல்ட்டில் 5 மீட்டரைத் தாண்டினால் கடைசிப் பகுதி கண்ணுக்குத் தெரியும்படி மங்கும். அதன் டிரைவரை, அதாவது வீட்டு மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டியை, எங்கே வைத்தோம் என்பது முக்கியம். சீலிங்குக்குள் போட்டு மூடிவிடாதீர்கள். எல்.இ.டி. விளக்கில் முதலில் போவது பெரும்பாலும் டிரைவர்தான். கை நுழையும் அளவு திறப்பு விட்டு, அல்லது அலமாரியின் உச்சியில் வைத்தால் பின்னால் சீலிங்கை உடைக்க வேண்டாம்.

நிலாமுற்றம் எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. நேற்று மாலை தரையில் சாக்பீஸால் வரைந்தோம். அப்போதுதான் தெரிந்தது, எலக்ட்ரீஷியன் படத்தில் இரண்டாம் வரிசை விளக்குகள் சோபாவில் சாய்ந்து படுத்தால் நேராக முகத்தில் அடிக்கின்றன. தொங்கு விளக்குப் பாயிண்டும் மேசையின் நடுவுக்கு வரவில்லை, 40 சென்டிமீட்டர் தள்ளிப் போகிறது.

மேசை 1.8 மீட்டருக்கு 0.9 மீட்டர். எவ்வளவு பெரிய தொங்கு விளக்கு வாங்குவது, எவ்வளவு உயரத்தில் தொங்க வேண்டும்? என் கணவருக்குப் பயம், எழுந்து நிற்கும்போது தலையில் இடிக்குமோ என்று.

அந்திவானம் எழுதியது:

மேசைப் பலகையிலிருந்து விளக்கின் அடிவிளிம்பு 75 முதல் 90 சென்டிமீட்டர் மேலே. மேசைக்கு உள்ளே தொங்கும் வரை தலையில் இடிக்காது, ஏனென்றால் அங்கே யாரும் நிற்க முடியாது. ஒரே விளக்கென்றால் விட்டம் மேசை அகலத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு, உங்கள் மேசைக்கு 45 முதல் 60 சென்டிமீட்டர். நீள மேசை என்பதால் இரண்டு சிறிய விளக்கும் அழகாக இருக்கும்.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அட்டைப் பெட்டியை வெட்டி அந்த அளவில் ஒரு கூடை செய்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு இரண்டு நாள் அதன் கீழே சாப்பிடுங்கள். எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்கிறதா, சோபாவிலிருந்து பார்த்தால் டிவியை மறைக்கிறதா, அடுக்களையிலிருந்து பார்க்க இடைஞ்சலா என்று தெரிந்துவிடும். திறந்த கூடத்தில் தொங்கு விளக்கை மூன்று அறையிலிருந்தும் பார்க்கிறோம். கடையில் ஐம்பது விளக்குக்கு நடுவே சின்னதாகத் தெரிவது வீட்டில் யானையாகத் தெரியும்.

அப்புறம், கூடைக்குள் பல்பு நேராகக் கண்ணில் படக்கூடாது. டென்மார்க்கின் போல் ஹென்னிங்சன் 1920களிலிருந்து வாழ்நாள் முழுக்க இதே கவலையாக இருந்தவர். அவருடைய 1958-ஆம் ஆண்டு பி.எச். 5 விளக்கில் ஓர் அடுக்குக்கு மேல் ஓர் அடுக்காகத் தகடுகள் இருக்கும், எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பல்பு தெரியாது. அந்த விளக்கையே வாங்கச் சொல்லவில்லை. கடையில் எதை எடுத்தாலும் உட்கார்ந்து ஒரு தடவை, நின்று ஒரு தடவை பாருங்கள். பல்பு தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

கணக்குப்புலி எழுதியது:

மகனின் வீட்டுப்பாடத்துக்கும் அந்தத் தொங்கு விளக்கே போதும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். சீலிங்கில் இருக்கும் விளக்கு மேசைக்கு 2 மீட்டர் மேலே, தொங்கு விளக்கு 80 சென்டிமீட்டர் மேலே. அதே பல்பு, அதே கோணம் என்றால் மேசையில் விழும் வெளிச்சம் ஆறு மடங்கு. 24 விளக்கால் செய்யப் பார்த்ததைக் கீழே இறங்கி வந்த ஒரே விளக்கு செய்துவிடும்.

டவுன்லைட் பெட்டியில் வெளிச்சம் விரியும் கோணம் எழுதியிருக்கும், அதையும் பாருங்கள். உங்கள் சீலிங்கிலிருந்து அடுக்களை மேடைக்கு 1.9 மீட்டர். 36 டிகிரி விளக்கு மேடைமேல் 1.2 மீட்டர் வட்டம் போடும், 60 டிகிரி 2.2 மீட்டர். மேடைக்கு 60 எடுங்கள், இல்லாவிட்டால் வட்டம் வட்டமாக விழும். படச் சுவருக்கு 36 அல்லது 24.

கூடல்வாசி எழுதியது:

நானும் இதே நிலையில்தான் இருக்கிறேன், படித்துக்கொண்டே வருகிறேன். நிறத்தைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே? எங்கள் வீட்டில் அப்பாவுக்கு வெள்ளை வெளிச்சம்தான் பளிச்சென்று இருக்கிறது, அம்மாவுக்கு மஞ்சள்தான் வேண்டும்.

தச்சன்மகள் எழுதியது:

தனித்தனி அறையானால் ஆளுக்கு ஒரு நிறம் வைத்துக்கொள்ளலாம். திறந்த கூடத்தில் அது முடியாது. என் அக்கா வீட்டில் அடுக்களைக்கு வெள்ளை 6500, சோபாப் பக்கம் மஞ்சள் 2700 போட்டார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரே சுவர், ஒரே டப்பா பெயிண்ட், ஆனால் பாதி நீலம் பாய்ந்த மாதிரி, பாதி டீக்கறை படிந்த மாதிரி. பெயிண்டரைத் திரும்பக் கூப்பிட்டு, ஏன் இரண்டு நிறத்தில் அடித்தாய் என்று கேட்டே விட்டார்கள். பாவம் அவர், பகலில் வந்து பார்த்துவிட்டுச் சரியாகத்தானே இருக்கிறது என்று நின்றார்.

எல்லாவற்றுக்கும் 3000 என்பது என் பரிந்துரை. அடுக்களையில் கொஞ்சம் வெள்ளை வேண்டுமென்றால் அலமாரிக்கு அடியில் இருக்கும் ஸ்ட்ரிப்பை மட்டும் 4000 ஆக்குங்கள். அது மேடையோடு நின்றுவிடும், சுவருக்கு வராது.

அந்திவானம் எழுதியது:

6500 கெல்வின் என்பது மேகம் மூடிய பகல் வானத்தின் நிறம். மெழுகுவர்த்திச் சுடர் 1900 சொச்சம், பழைய குண்டு பல்பு 2700. சூரியன் சாயச் சாய வெளிச்சம் சிவந்து, குறைந்து வருவதையே பார்த்துப் பழகிய கண் நமக்கு. இரவு ஒன்பது மணிக்கு நடுப்பகல் வானத்தைத் தலைக்கு மேல் வைத்தால் மனசு எப்படி ஒட்டும்?

நிறத்தோடு சிஆர்ஐ எண்ணையும் பாருங்கள். அந்த விளக்கின் கீழ் பொருள்களின் நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதற்கு 100-க்குப் போடும் மதிப்பெண் அது. வெள்ளை எல்.இ.டி.க்குள் இருப்பது நீல எல்.இ.டி.தான். அதன்மேல் பூசிய மஞ்சள் பூச்சு நீலத்தில் ஒரு பகுதியை மாற்றித் தருகிறது, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கியதற்குத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். இந்தக் கலவையில் சிவப்பு எளிதில் குறைந்துபோகும். சிஆர்ஐ கணக்கிடும் எட்டு நிறங்களில் அடர் சிவப்பு இல்லவே இல்லை, அது ஆர்9 என்று தனியாக இருக்கிறது. அதனால் 80 என்று போட்ட விளக்கின் கீழ் மனித முகம் சோகை பிடித்ததுபோல் தெரியக்கூடும். தொங்கு விளக்குக்கும் சோபாப் பக்கத்துக்கும் 90-க்குக் குறையாமல் வாங்குங்கள். கடையில் விளக்கின் கீழே உங்கள் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாலே தெரியும். ரத்த ஓட்டம் தெரிய வேண்டும்.

வயர்மேன் எழுதியது:

சோபாவுக்கு மேலே மின்விசிறி வருகிறதா? வந்தால் கவனம். இறக்கைக்கு மேலே டவுன்லைட் இருந்தால், விசிறி ஓடும்போது வெளிச்சத்தை இறக்கை வெட்டி வெட்டிக் கூடம் முழுக்க நிழல் படபடக்கும். பத்து நிமிடத்தில் தலைவலி. இதற்காகவே போட்ட விளக்கை அணைத்து வைத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். 1,200 மில்லிமீட்டர் விசிறிக்கு இறக்கை நுனி நடுவிலிருந்து 60 சென்டிமீட்டரில் முடியும். விளக்கை அதிலிருந்து இன்னும் 40 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். சோபாப் பக்கத்துக்குச் சுவர் விளக்கு இன்னும் நல்லது.

டிம்மர் போடுவதானால் விளக்குப் பெட்டியில் டிம் செய்யலாம் என்று எழுதியிருக்க வேண்டும், டிம்மரும் எல்.இ.டி.க்கு ஆனதாக இருக்க வேண்டும். குண்டு பல்பு காலத்து டிம்மருக்குக் குறைந்தபட்ச லோடு தேவை. இரண்டு 7 வாட் விளக்கு அதற்குப் போதாமல் துடிக்கும், முனகும். வாங்கும் கடையிலேயே இரண்டையும் இணைத்து, மிகக் குறைந்த நிலையில் எரியவிட்டுப் பாருங்கள். கைபேசியில் ஸ்லோமோஷன் வீடியோ எடுங்கள். கருப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கு துடிக்கிறது, வேண்டாம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலைவலி கொடுக்கும்.

நிலாமுற்றம் எழுதியது:

விசிறி வருகிறது! படத்தில் அதற்கு இரண்டு பக்கமும் விளக்கு, இறக்கை நுனிக்கு நேர் மேலே. நல்ல வேளை சொன்னீர்கள்.

மாமியாரைப் பற்றி ஒரு கேள்வி. அவருக்கு 71 வயது. வெளிச்சம் போதவில்லை என்றுதான் எப்போதும் சொல்வார். விளக்கைக் குறைக்கிறோம் என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குக் குறை வைத்துவிட்டு மற்றவர்களுக்கு அழகு பார்க்க எனக்கு விருப்பமில்லை.

கணக்குப்புலி எழுதியது:

அவர் சொல்வது உண்மை. 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்பாவை சுருங்குகிறது, கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது. உங்களுக்குப் போதுமான வெளிச்சம் அவருக்கு நிச்சயம் போதாது. அதே சமயம் கண்கூச்சமும் வயதில் கூடும், லென்ஸுக்குள் வெளிச்சம் சிதறுவதால். ஆகவே சீலிங்கில் கூட்டினால் அவருக்கு இரண்டு துன்பமும் சேர்ந்து வரும். புத்தகத்தின்மேல் வெளிச்சம் வேண்டும், கண்ணில் படக்கூடாது.

தச்சன்மகள் எழுதியது:

என் அப்பாவுக்குச் செய்தது: நாற்காலிக்குப் பின்னால், தோளுக்குச் சற்று மேலே, மடக்கித் திருப்பக்கூடிய கை உள்ள விளக்கு. வலது கைப் பழக்கம் என்பதால் இடது தோள் பக்கம். அவரே இழுத்துப் புத்தகத்துக்கு நேராக வைத்துக்கொள்வார். சுவிட்ச் விளக்கின் தண்டிலேயே இருக்கிறது, எழுந்து போக வேண்டாம். அதை வைத்த பிறகு பெரிய விளக்கைப் போடச் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

ஆனால் பிளக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். திறந்த கூடத்தில் சோபா நடுவில் நிற்கும், பக்கத்தில் சுவர் இருக்காது. வயரைத் தரையில் இழுத்தால் அதே பெரியவர்கள்தான் தடுக்கி விழுவார்கள். தரை இன்னும் போடவில்லை என்றால் தரையிலேயே மூடி வைத்த பிளக் பாயிண்ட் விடச் சொல்லுங்கள்.

நிலாமுற்றம் எழுதியது:

தரை போட்டு முடிந்துவிட்டது. அதனால் மாமியாரின் நாற்காலியையே சன்னல் ஓரத்துக்கு நகர்த்திவிட்டோம், அங்கே சுவர், பிளக் இரண்டும் இருக்கின்றன. வயர் இல்லாத தற்காலிக ஏற்பாடாக மேசை விளக்கு ஒன்றை முக்காலியில் வைத்து, நேற்று இரவு வேலை நடக்கும் வீட்டிலேயே அவரை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னோம். மற்ற விளக்கு ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் படித்துவிட்டு, "எழுத்து கறுப்பாகத் தெரிகிறது" என்றார். இத்தனை நாள் எழுத்து அவருக்குச் சாம்பலாகத்தான் தெரிந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது.

அந்திவானம் எழுதியது:

அதற்காக மொத்தக் கூடத்தையும் இருட்டாக்கிவிட்டு அவர் மட்டும் வெளிச்சத்தில் உட்காரும்படி வைக்காதீர்கள். புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தால் எதிர்ச் சுவரில் கொஞ்சம் வெளிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண் களைத்துவிடும். படச் சுவர் விளக்கு அந்த வேலையைச் செய்யும். டிவிக்கும் அப்படித்தான், டிவிக்குப் பின்னால் சுவரில் மங்கலாக ஒன்று எரியட்டும். டிவிக்கு எதிரில் எதுவும் வேண்டாம், திரையில் தெரியும்.

நிலாமுற்றம் எழுதியது:

எலக்ட்ரீஷியனோடு உட்கார்ந்து பேசி முடித்துவிட்டோம். சாக்பீஸ் கோட்டில் அவரே நடந்து பார்த்துவிட்டு, "இதை முதலிலேயே காட்டியிருந்தால் நானும் இப்படித்தான் வரைந்திருப்பேன்" என்றார். வயர்மேன் சொன்னது அப்படியே நடந்தது.

24 டவுன்லைட் இப்போது 10. மேடையின் முன்விளிம்புக்கு மேல் 4, நடைவழியில் 3, படச் சுவருக்கு 3. மேசைக்கு இரண்டு தொங்கு விளக்கு. சோபாப் பக்கம் டவுன்லைட்டே இல்லை, சுவர் விளக்கு இரண்டும் டிவிக்குப் பின்னால் ஒரு ஸ்ட்ரிப்பும். மேடைக்கு அலமாரி அடியில் ஸ்ட்ரிப். சன்னல் ஓரம் மடக்கு விளக்கு. எல்லாம் தனித்தனி சுவிட்ச். நடைவழிக்கு மட்டும் வாசல் பக்கமும் படுக்கையறைப் பக்கமும் டூ வே, இரண்டு இடத்திலிருந்தும் போடலாம், அணைக்கலாம். தொங்கு விளக்குக்கும் படச் சுவருக்கும் டிம்மர். நிறம் 3000, மேடை ஸ்ட்ரிப் 4000. விசேஷ நாளுக்கென்று சீலிங் ஓரப் பள்ளத்தில் ஒரு சுற்று ஸ்ட்ரிப், அதற்கும் தனி சுவிட்ச். எளிமையே_போதும் கேட்டது நியாயம்தான் என்று தோன்றியது.

அட்டைக் கூடையைத் தொங்கவிட்டுப் பார்த்ததில் 50 சென்டிமீட்டர் விளக்கு ஒன்று எங்களுக்கு ஒத்துவரவில்லை, அடுக்களையிலிருந்து பார்த்தால் சோபாவில் இருப்பவர் முகம் மறைந்தது. 28 சென்டிமீட்டரில் இரண்டு, மேசைக்கு 80 சென்டிமீட்டர் மேலே.

வயர்மேன் எழுதியது:

நல்ல முடிவு. ஒன்றே ஒன்று: சீலிங் மூடுவதற்கு முன் வயர் போகும் பாதை முழுவதையும், அளவு நாடாவை விரித்துப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்து எவனாவது துளை போட வரும்போது அந்தப் படம் உயிர் காக்கும்.

நிலாமுற்றம் எழுதியது:

மூன்று மாதம் கழித்து வருகிறேன். குடிவந்து ஆறு வாரம் ஆகிறது. ஒரே ஒரு விஷயம் யாரும் எதிர்பார்க்காதது. சாப்பாட்டு மேசைக்கு எதிரில் பால்கனிப் பக்கம் பெரிய கண்ணாடிக் கதவு. பகலில் வெளியே செடிகள் தெரியும். இரவில் தொங்கு விளக்கைப் போட்டதும் கண்ணாடி கறுத்து, இரண்டு விளக்கும் நாங்களும்தான் அதில் தெரிகிறோம். மகன் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருகிறான். திரை போட்டு மூட மனமில்லை.

அந்திவானம் எழுதியது:

உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு என்றால் கதவுக் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகத்தான் இருக்கும். வெளியே செடிகள்மேல் ஒரு சின்ன விளக்கு போடுங்கள். நீர் புகாத ஐபி65 விளக்காக, தரையிலிருந்து இலைகளைப் பார்த்தபடி, கதவுப் பக்கம் திரும்பாமல். 5 வாட்டுக்கு மேல் வேண்டாம். தொங்கு விளக்கை டிம்மரில் கொஞ்சம் இறக்குங்கள்.

நிலாமுற்றம் எழுதியது:

நேற்று வைத்தோம், ஒரே விளக்கு, பெரிய தொட்டிக்குப் பின்னால். தொங்கு விளக்கைப் பாதிக்கு இறக்கியதும் செடி திரும்பி வந்துவிட்டது. மகன் இன்றைக்கு இடம் மாறி உட்கார்ந்து எழுதுகிறான்.